எழுபது வயதில் இரண்டு மணி நேர ஹெவி மெட்டல் கச்சேரி: எப்படி முடிகிறது?

கேள்வி இது: அயர்ன் மெய்டன், ஜூடாஸ் பிரீஸ்ட் மாதிரியான பழைய பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுக்களில் பெரும்பாலோருக்கு வயது 65-ஐத் தாண்டிவிட்டது. இந்த வயதில் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு மணி நேரம் எப்படிப் பாடி வாசிக்கிறார்கள்? பின்னால் பதிவு ஓடுகிறதா? இப்போது டிக்கெட் வாங்கிப் போவதில் அர்த்தம் உண்டா?

அவர்கள் வாசிக்கத்தான் செய்கிறார்கள். மாறியிருப்பது சுற்றுப்பயணத்தின் வடிவம். எத்தனை நாளுக்கு ஒரு கச்சேரி, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, எந்தக் கட்டையில் பாடுவது, யாருடைய கையில் எவ்வளவு பாரம் என்று எல்லாமே உடம்பைக் கேட்டு முடிவாகின்றன.

நாட்காட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம். அயர்ன் மெய்டன் 1984 ஆகஸ்டில் போலந்தின் வார்சாவில் ஒரு சுற்றுப்பயணம் தொடங்கினார்கள். அது 1985 ஜூலையில் கலிபோர்னியாவில் முடிந்தது. பதினோரு மாதத்தில் 180-க்கு மேற்பட்ட கச்சேரிகள். பாடகர் புரூஸ் டிக்கின்சனுக்கு அப்போது 26 வயது. அந்த வயதிலேயே அது அவரையும் குழுவையும் உலுக்கிவிட்டது; முடிந்ததும் பல மாதம் ஓய்வு தேவைப்பட்டது. அதே குழு 2025-இல் மே 27 அன்று புடாபெஸ்டில் தொடங்கி ஆகஸ்ட் 2 அன்று அதே வார்சாவில் முடித்த ஐரோப்பியச் சுற்றில் வாசித்தது முப்பதை ஒட்டிய கச்சேரிகள்தான். அவற்றுக்கிடையே போதிய இடைவெளி விட்டிருந்தார்கள். டிக்கெட் விலை ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம். கச்சேரி இல்லாத நாளிலும் ஊழியர்களுக்குச் சம்பளம் உண்டு, ஓட்டல் அறை உண்டு, லாரி வாடகை உண்டு. அந்த ஓய்வு நாளின் செலவை அடுத்த நாள் கச்சேரிதான் ஈடுகட்ட வேண்டும்.

ஓய்வு நாள் ஏன் இத்தனை முக்கியம் என்பதற்குத் தொண்டையைப் பார்க்க வேண்டும். குரல்நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று மோதித்தான் ஒலி பிறக்கிறது. 440 ஹெர்ட்ஸில் ஒரு சுரத்தைப் பிடித்தால் வினாடிக்கு 440 முறை மோதுகின்றன. இரண்டு மணி நேரக் கச்சேரியில் தனியாவர்த்தனம், கிட்டார் பகுதி எல்லாம் போக, பாடகர் உண்மையாகக் குரல் கொடுப்பது 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 300 ஹெர்ட்ஸ் என்று கொள்ளுங்கள். ஒரே ராத்திரியில் ஏழு லட்சத்து இருபதாயிரம் மோதல்கள். நாண்களின் மேல் சவ்வு வீங்கும். இளவயதில் ஒரு தூக்கத்தில் வடிந்துவிடும். வயதாக ஆக நாண்களின் தசை மெலியும், சவ்வின் ஈரம் குறையும், குரல்வளைக் குருத்தெலும்பு இறுகும். வீக்கம் வடியக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதனால் அடுத்தடுத்த நாள் இரண்டு கச்சேரி என்றால் சமாளிக்கலாம், மூன்றாவது நாள் ஆபத்து.

ஆபத்து என்று நான் சொல்வது வெறும் கரகரப்பை மனதில் வைத்தல்ல. வீங்கிய நாணை மேலும் அழுத்தினால் உள்ளே சிறு ரத்தக்குழாய் வெடிக்கலாம். அப்படி நடந்தால் ஒரு வாரமோ அதற்கு மேலோ வாயே திறக்கக் கூடாது, சுற்றுப்பயணம் அங்கேயே நிற்கும். இதனால்தான் பாடகர்கள் உடம்பு வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைக் கச்சேரி நாட்களில் தவிர்க்கிறார்கள். அவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ஸ்டீராய்டு மாத்திரை வீக்கத்தைச் சட்டென்று வடியவைக்கும் என்பது உண்மை. ஆனால் வீக்கம்தான் ‘போதும், நிறுத்து’ என்று உடம்பு தரும் எச்சரிக்கை. அதை மறைத்துவிட்டுப் பாடினால் சேதம் தெரியாமலே நடக்கும். அது ஒரு ராத்திரி அவசரத்துக்கு, மருத்துவர் பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து. பயணம் முழுவதும் ஊன்றிக்கொண்டு நடக்கும் கோலாக அதை வைத்துக்கொள்ள முடியாது.

அன்றாடக் காரியங்கள் இன்னும் சாதாரணமானவை, ஆனால் இவைதான் பெரும்பாலும் காப்பாற்றுகின்றன. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான் இருக்கும். ஓட்டல் ஏசியும் சளைத்ததில்லை. அதனால் ஆவி பிடிப்பது, அறையில் ஈரப்பதமூட்டி வைப்பது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிப்பது. மேடையேறும் முன் 20, 30 நிமிடம் குரலைச் சூடேற்றுவது. உறிஞ்சுகுழலை வாயில் வைத்து முனகும் பயிற்சி இதற்கு எளிதும் பாதுகாப்பும் ஆனது. கச்சேரி முடிந்து நள்ளிரவில் வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறி நாண்களைச் சுடும், காலையில் குரல் இருக்காது. தொண்டையைச் செருமினால் சரியாகிவிடும், கிசுகிசுப்பாகப் பேசினால் ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுமே நாண்களுக்குக் கெடுதல். பேசாமல் இருப்பதுதான் ஓய்வு.

டிக்கின்சன் விஷயத்தில் இதெல்லாம் இன்னும் கடுமை. 2014 கடைசியில் அவருக்கு நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய்க் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. ஏழு வாரம் கதிர்வீச்சும் கீமோவும். 2015 மே மாதம் குணமானதாக அறிவித்தார்கள். கழுத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் உமிழ்நீர்ச் சுரப்பிகள் பாதிக்கப்படும். உமிழ்நீர் குறைந்தால் பாடகருக்கு அது மூச்சுக்கு அடுத்த இழப்பு. குழு தேதிகளைத் தள்ளிப்போட்டு, 2016 பிப்ரவரியில்தான் மறுபடி மேடையேறியது. அவசரப்படாமல் காத்திருந்த அந்த முடிவுதான் அதற்குப் பின் வந்த பத்தாண்டுக் கச்சேரிகளுக்கு அஸ்திவாரம் என்பது என் உறுதியான கருத்து.

கட்டை குறைப்பது பற்றி ரசிகர்களிடையே எப்போதும் சண்டை நடக்கும். அமெரிக்கக் குழுவான மெட்டாலிக்கா பழைய பாடல்களைப் பதிவில் இருப்பதைவிட அரைக் கட்டை இறக்கித்தான் பல ஆண்டுகளாக மேடையில் வாசிக்கிறார்கள். மூன்று கட்டையில் இருந்த கிட்டார் இரண்டரைக் கட்டைக்கு வருகிறது. அதிர்வெண்ணில் சுமார் 6 சதவீதக் குறைவு. கேட்பதற்குச் சிறியது, உச்ச சுரத்தில் தடுமாறும் குரலுக்கு மிகப் பெரிய நிவாரணம். தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதால், அரைக் கட்டைக்கு இழுவிசை ஏறத்தாழ 11 சதவீதம் குறையும். ஒரு முழுக் கட்டை இறக்கினால் 21 சதவீதம். விரலுக்கு இதமாக இருக்கும். ஆனால் அதே கிட்டாரில் அப்படியே இறக்கிவிட்டு மேடையேறினால் கிட்டாரின் கழுத்து பின்பக்கமாக வளைந்து, தந்தி அதன்மேல் குறுக்கே பதித்த உலோக மெட்டுகளில் உரசிக் கரகரக்கும். சுருதியும் மேல் மெட்டுகளில் விலகும். கழுத்துக்குள் இருக்கும் கம்பியைத் தளர்த்தி, தந்திகளைத் தாங்கும் பாலத்தில் தந்தி நீளத்தைத் திருத்தி, தேவைப்பட்டால் ஒரு அளவு தடித்த தந்தி மாட்ட வேண்டும். அதனால்தான் கிட்டார் உதவியாளர்கள் ஒவ்வொரு சுருதிக்கும் தனிக் கிட்டார் வைத்திருக்கிறார்கள்.

இந்த வழியைத் தொடங்கிவைத்ததே உடற்காயம்தான். மெட்டலின் முன்னோடிக் குழுவான பிளாக் சபாத்தின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி பர்மிங்காமில் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் 17 வயதில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அது. பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி செய்து விரலில் மாட்டினார், மெல்லிய தந்திகளைத் தேடினார், பின்பு சுருதியை ஒன்றரைக் கட்டை வரை இறக்கினார். 1971-இல் அந்தச் சுருதியில் வந்த கனத்த ஒலியிலிருந்துதான் மெட்டலின் பாதிக் கிளைகள் முளைத்தன. ஆகவே கட்டையைக் குறைப்பதை ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

மெய்டன் குழுவோ பெரும்பாலும் பழைய சுருதியிலேயே நிற்கிறது. அப்படியானால் டிக்கின்சனைக் காப்பது பாடல் வரிசை. மூன்று கிட்டார்கள் இருக்கும் குழு அது. நீண்ட கருவியிசைப் பகுதிகளில் அவர் மேடைக்குப் பின்னால் போய், தண்ணீர் குடித்து, உடை மாற்றி, மூச்சு வாங்கி வருகிறார். நீங்கள் அதை நாடகமாகப் பார்ப்பீர்கள், உள்ளே நடப்பது இளைப்பாறல். பொதுவான விதி இப்படி: முதல் இரண்டு பாட்டில் உச்சக் குரல் அதிகம் கூடாது, இரண்டு கடினமான பாட்டுகள் அடுத்தடுத்து வரக் கூடாது, கூட்டம் சேர்ந்து பாடும் பாட்டுகள் கடைசிக்கு. ஜூடாஸ் பிரீஸ்ட் பல சுற்றுகளில், உச்சக் குரல் கேட்கும் ‘பெயின்கில்லர்’ பாட்டைப் பிரதான பகுதியின் முடிவில் வைத்ததும் இந்த விதியோடு பொருந்துகிறது. பாடகர் ராப் ஹால்ஃபோர்டின் குரல் முழுதாகச் சூடேறியிருக்கும் நேரம் அது. அதை முடித்தால் ஒரு சிறு இடைவெளி கிடைக்கும், அதற்குப் பின் வருபவை தாழ்ந்த இடத்தில் பாடக்கூடிய, ரசிகர்கள் பாதிப் பாட்டைத் தாங்களே பாடிவிடும் பாட்டுகள். 1951-இல் பிறந்தவர் அவர்.

குரலுக்கு இத்தனை வழி உண்டு. டிரம்ஸுக்குக் கிடையாது. கட்டையைக் குறைக்க முடியாது, பாதியில் உள்ளே போக முடியாது. மெய்டனின் அடையாளமான குதிரை ஓட்டத் தாளத்தில் ஒரு அடிக்கு மூன்று தட்டு. நிமிடத்துக்கு 160 அடி வேகம் என்றால் நிமிடத்துக்கு 480 தட்டு, வினாடிக்கு எட்டு. ஸ்டீவ் ஹாரிஸ் அதைத் தந்தியை மீட்டும் பிக் (சிறு வில்லை) இல்லாமல் வெறும் விரல்களால் பேஸ் கிட்டாரில் வாசிக்கிறார். டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன் பெரும்பாலும், பெரிய டிரம்மை இரண்டு காலாலும் அடிக்க உதவும் இரட்டைப் பெடல் இல்லாமல் ஒற்றைக் காலால் வாசித்துப் பெயர் பெற்றவர்.

2023 ஜனவரியில், 70 வயதில், நிக்கோவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது தோள் தொடங்கிக் கீழே செயலிழந்தது. அந்தக் கோடையில் சுற்றுப்பயணம் இருந்தது. பத்து வாரங்களுக்கு மேல் தீவிரப் பயிற்சி எடுத்து, மே மாதக் கடைசியில் ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் மேடையேறினார். வேகமான சில தட்டு நிரப்புகள் பழையபடி வரவில்லை. அவற்றை மாற்றி வாசித்தார், பின்பு நடந்ததைத் தாமே வெளியே சொன்னார். 2024 டிசம்பர் 7 அன்று சாவோ பாலோ கச்சேரியோடு சுற்றுப்பயணத்திலிருந்து ஓய்வு பெற்றார். குழுவிலிருந்து விலகவில்லை, மேடையிலிருந்து மட்டும் விலகினார். 2025-இல் அந்த இருக்கையில் உட்கார்ந்தவர் சைமன் டாசன். ஹாரிஸின் இன்னொரு குழுவான பிரிட்டிஷ் லயனில் ஏற்கெனவே வாசித்தவர். இப்போது பாட்டுகளின் காலப்பிரமாணம் பழைய பதிவுகளின் வேகத்துக்கு நெருங்கி வந்திருக்கிறது. முன்பெல்லாம் மேடையில் வேகம் ஏறிக்கொண்டே போகும். மெதுவானதைக் குறையாகச் சொல்பவர்கள் டிக்கின்சனுக்குச் சொற்களை முழுதாக உச்சரிக்க இப்போது இடம் கிடைப்பதையும் கவனிக்க வேண்டும்.

இதே நேர்மை கிளென் டிப்டனிடமும் உண்டு. 1947-இல் பிறந்த பிரீஸ்ட் கிட்டாரிஸ்ட். 2018 பிப்ரவரியில், புது ஆல்பம் வரும் முன்பே, தமக்குப் பார்கின்சன் நோய் இருப்பதைச் சொல்லி முழுக் கச்சேரியிலிருந்து விலகினார். அந்த ஆல்பத்தைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஆண்டி ஸ்னீப் அவர் இடத்தில் வாசிக்கிறார். டிப்டன் உடம்பு இடம்கொடுத்த ராத்திரிகளில் கடைசி இரண்டு மூன்று பாட்டுக்கு மட்டும் வந்து நின்றார். 2022 ஜனவரியில் குழு, இனி நால்வராகவே போகிறோம், ஸ்னீப் வரமாட்டார் என்று அறிவித்தது. ரசிகர்கள் கொதித்தார்கள், சில நாளில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. ரசிகர்கள் சரியாகத்தான் கேட்டார்கள். இரட்டைக் கிட்டார் இல்லாமல் அந்த இசை நிற்காது.

வயது மட்டும்தான் காரணம் என்றும் நினைக்க வேண்டாம். அதே குழுவின் இளையவரான ரிச்சி ஃபோக்னருக்கு 2021 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரத் திருவிழா மேடையில், கடைசிப் பாட்டில், மகாதமனி கிழிந்தது. அவருக்கு 41 வயது. பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். இதய அறுவை சிகிச்சை மையம் சில மைல் தொலைவில் இருந்ததால் பத்து மணி நேர அறுவைக்குப் பின் பிழைத்தார். ஸ்லேயர் குழுவின் பாடகர் டாம் அராயாவுக்குப் பல்லாண்டு தலையை ஆட்டி ஆட்டி வாசித்ததில் கழுத்து எலும்புத் தட்டு பழுதாகி 2010 ஜனவரியில் அறுவை நடந்தது. அதன் பின் அவர் தலையாட்டுவதை விட்டுவிட்டார், அசையாமல் நின்று பாடினார். மோட்டார்ஹெட் குழுவின் பாடகர் லெம்மி 2015 ஆகஸ்டில் சால்ட் லேக் சிட்டியில் பாதியில் இறங்க நேர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டர் உயரமுள்ள ஊர் அது, நுரையீரல் தளர்ந்தவருக்கு அந்த உயரமே போதும். அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று காலமானார். மூத்தவர்களின் பயணத்தைத் திட்டமிடுபவர்கள் மேடான ஊர்களுக்கு ஒரு நாள் முன்பே கொண்டுபோய் உடம்பைப் பழக்குவதும், பக்கத்தில் எந்த மருத்துவமனை என்று முன்கூட்டியே குறித்துவைப்பதும் இதனால்தான்.

பயணமே உடம்பைத் தின்னாமல் இருக்க இரண்டு குழுக்கள் இரண்டு வழி கண்டன. மெய்டன் 2008-இல் ஒரு போயிங் 757 விமானத்தின் பின்பகுதியைச் சரக்கறையாக மாற்றி, சுமார் 12 டன் கருவிகளையும் எழுபது பேர் கொண்ட குழுவையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டது. விமானி டிக்கின்சனே. அந்தச் சுற்றின் முதல் கச்சேரி பிப்ரவரி 1 அன்று மும்பையில் நடந்தது. (அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அவர்கள் வாசித்திருந்தார்கள், தென்னிந்தியாவின் மெட்டல் ரசிகர்கள் பலருக்கு அதுதான் கணக்கின் தொடக்கம்.) விமானத்தின் பயன் ஆடம்பரம் என்று எண்ண வேண்டாம். மேடைக் கருவிகள் கப்பலில் ஒரு கண்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வாரக்கணக்கில் ஆகும். சுங்கத்தில் ஒவ்வொரு பெட்டியும் வரிசை எண்ணோடு பட்டியலில் ஒத்துப்போக வேண்டும். ஒரு எண் பிசகினாலும் மொத்தமும் நிற்கும். எல்லாம் ஒரே விமானத்தில் இருந்தால் இந்த அலைச்சல் பாதியாகும். ஆனால் எல்லா முட்டையும் ஒரே கூடையில் இருப்பதன் அபாயமும் உண்டு: 2016 மார்ச் 12 அன்று சிலியின் சாந்தியாகோவில் அப்போதைய 747 விமானத்தை இழுவை வண்டி மோதி இரண்டு எஞ்சின்கள் நாசமாயின, தரை ஊழியர் இருவர் காயமடைந்தார்கள். மாற்று விமானங்கள் பிடித்துக் கச்சேரிகளைத் தொடர்ந்தார்கள்.

மெட்டாலிக்காவின் வழி எனக்கு இன்னும் பிடித்தது. 2023 ஏப்ரல் 27 அன்று ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய சுற்றில் ஒரு ஊருக்கு இரண்டு கச்சேரி, நடுவில் ஒரு நாள் ஓய்வு. இரண்டு ராத்திரிக்கும் ஒரு பாட்டுகூடத் திரும்ப வராது. வளைய மேடையைச் சுற்றி நான்கு டிரம்ஸ் தொகுப்புகள். டிரம்மர் லார்ஸ் உல்ரிச் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகிறார். மேடையை ஒரு முறை கட்டி இரண்டு முறை பயன்படுத்துவதால் லாரிச் செலவு குறைகிறது, ஓய்வு நாள் வீண்செலவாகாமல் திட்டத்துக்குள்ளேயே அடங்குகிறது, பாட்டுகள் மாறுவதால் ஒரே உச்ச சுரம் இரண்டு ராத்திரியும் அடிவாங்குவதில்லை.

இனி ‘பதிவு ஓடுகிறதா’ என்ற சந்தேகம். கீபோர்டு பின்னணி, முன்னுரைக் குரல் போன்றவை பல குழுக்களில் பதிவிலிருந்து வருகின்றன. மெய்டனில் பல்லாண்டுகள் அதைக்கூட ஹாரிஸின் பேஸ் உதவியாளர் மைக்கேல் கென்னி மறைவில் உட்கார்ந்து வாசித்தார். முதன்மைக் குரல் பதிவா என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் கவனியுங்கள். பதிவோடு சேர்ந்து வாசிக்க டிரம்மரின் காதில் தாளத் தட்டு ஓடியாக வேண்டும், பாட்டு எந்த ராத்திரியும் ஒரே வேகத்தில் இருக்கும். வேகம் ராத்திரிக்கு ராத்திரி முன்பின்னாகப் போனால், பாடகர் சுரத்தை மாற்றியோ விட்டோ பாடினால், அது நேரடிதான். பாடல் வரி ஓடும் சிறு திரை மேடையில் இருப்பது வேறு. அறுபது பாட்டு நினைவில் வைத்திருக்க வேண்டிய எழுபது வயதுக்காரருக்கு அது நியாயமான உதவி.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சபாத்தின் பாடகர் ஓசி ஆஸ்போர்ன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே ஒன்பது பாட்டு பாடினார்: தம் குழுவோடு ஐந்து, பிளாக் சபாத்தின் மூல நால்வரோடு நான்கு. பார்கின்சன் நோயும் முதுகெலும்பு அறுவைகளும் அவரை நிற்கவிடவில்லை. நாள் முழுக்க மற்ற குழுக்கள் வாசித்து, அவருக்கு உடம்பு தாங்கும் நேரத்தை மட்டும் ஒதுக்கி அமைத்த நிகழ்ச்சி அது. பதினேழு நாள் கழித்துக் காலமானார். இரண்டு மணி நேரம் என்ற அளவை அன்று யாரும் கேட்கவில்லை.

போவதென்று முடிவு செய்தால் சில காரியங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் ஒரே ஊரில் இருந்தால் முதல் நாளுக்கு வாங்குங்கள். ஓய்வு நாளுக்கு அடுத்த நாள் என்றால் இன்னும் நல்லது. சுற்றின் முதல் ஓரிரு கச்சேரிகளில் ஒலியமைப்பு கைகூடியிருக்காது, கடைசி வாரத்தில் குரல் தேய்ந்திருக்கும், நடுப்பகுதிதான் சிறந்தது. ரத்தானால் பணம் திரும்புமா, தள்ளிப்போனால் அதே டிக்கெட் செல்லுமா என்பதை வாங்கும் முன் படியுங்கள். வெளியூர் என்றால் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதியுங்கள். ஒலிக்கலவை மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள், அங்கேதான் ஒலியைச் சரிபார்த்து அமைக்கிறார்கள். காதடைப்பான் கட்டாயம். 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் ஏறத்தாழ 15 நிமிடம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அது பாதியாகும். பஞ்சு மாதிரி இருக்கும் சாதாரண வகை உயர் சுரங்களை அதிகமாக அடைத்துப் பாட்டை மந்தமாக்கும். இசைக்கென்று வடிகட்டி வைத்த வகையில் 15 முதல் 20 டெசிபல் வரை எல்லாச் சுரமும் ஏறக்குறையச் சமமாகக் குறையும், சொற்களும் தெளிவாகக் கேட்கும். முதல் பாட்டு தொடங்கும் முன்பே மாட்டிக்கொள்ளுங்கள்.